பெயர் எழுதாத படங்கள்: கூலாயில் நம் வரலாற்றைத் தேடி

பொன்விழா மலருக்கு நம் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி செயற்குழு எங்களைக் கேட்டபோது, இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். நாங்கள் மூவர். மூவருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மூவருமே வியாபாரிகள், பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு மேல் படிப்பு இல்லை. கடையை அடைத்த பிறகுதான் நேரம். பழைய கூட்டக் குறிப்பேட்டை எடுப்பது, வெள்ளிவிழா மலரைப் புரட்டுவது, பெரியவர்கள் நாலு பேரைப் பார்த்துப் பேசுவது, உட்கார்ந்து எழுதுவது. இதுதான் எங்கள் கணக்கு. எட்டு மாதம் ஓடிவிட்டது. கணக்கு இன்னும் தீரவில்லை.

முதலில் போனது குறிப்பேடு. சங்கத்தின் முதல் குறிப்பேட்டைப் பழைய கட்டடத்தின் பின்னறையில் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். சாக்கைப் பிரித்தபோது கறையான் தின்றது போக அட்டையும் ஓரங்களும் மட்டுமே இருந்தன. அடுத்தது வெள்ளிவிழா மலர். ஐம்பது வீடுகளுக்கு மேல் கேட்டோம். "இருந்துச்சே, வீடு மாறும்போது போட்டுட்டோம்" என்பதே பெரும்பாலான பதில். கடைசியில் ஒரு வீட்டில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. மேலட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயரும் படமும் இருந்தது அந்த எட்டுப் பக்கத்தில்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஊரெல்லாம் கொடுத்த ஒரு புத்தகத்துக்கே இந்தக் கதி.

மலருக்குள் செருகி வைத்திருந்த ஒரு புகைப்படம் மட்டும் தப்பியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கடை வாசலில் பதினோரு பேர் நிற்கிறார்கள். சிலர் கைலி, சிலர் காற்சட்டை, நாலைந்து பேர் தொப்பி. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு எழுத்துகூட இல்லை. பெரியவர்களிடம் காட்டியதில் நான்கு பேரின் பெயர் கிடைத்தது. மீதி ஏழு பேர் யார்? அந்தக் கேள்விதான் எங்களை இந்த எட்டு மாதமும் இழுத்துக்கொண்டு போனது.

நம் ஊரின் பெயருக்குச் சீனர்களிடம் ஒரு கதை உண்டு. வெள்ளம் வந்தபோது ஆமைகள் ஊருக்குள் வந்தனவாம். 'ஆமை வந்தது' என்று அவர்கள் மொழியில் சொன்னதே கூலாய் ஆயிற்றாம். கதை உண்மையோ இல்லையோ, ஹக்கா மக்கள் அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் கூலாயில் முதல் கடை போட்ட தமிழ் முஸ்லிம் யார் என்பதற்கு ஒரு கதைகூட இல்லை. சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர்கள் எந்த வழியாக வந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல முடியும். கெமாஸிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-இல் முடிந்தது. பாதை கூலாய் வழியாகப் போகிறது. அதை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்த இடத்தில் அரிசியும் உப்பும் கருவாடும் துணியும் வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் பால்வெட்ட வரவில்லை, விற்க வந்தார்கள். மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, சைக்கிளில் ரொட்டி, தலையில் துணிமூட்டை. 1923-இல் ஜோகூர் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கி, 1924 ஜூன் 28-ஆம் நாள் பாலம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு சிங்கப்பூர்ச் சரக்கு படகு மாறாமல் வந்தது. கூலாய்க் கடைக்காரருக்குச் சிங்கப்பூர் ஒரு மொத்தக் கடை மாதிரி.

கடல் தாண்டி வந்தவர்களுக்கு ரஜூலா கப்பலைத் தெரியாமல் இருக்காது. 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. இன்றைக்கும் எழுபது எண்பது வயதுக்காரர்களிடம் பேசினால் "எந்தக் கப்பல்?" என்று கேட்க வேண்டியதில்லை, ரஜூலா என்றே தொடங்குவார்கள். ஒரு வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஒரு கட்டு, செல்லாத காசு. அதற்கு அடியில் மடித்து வைத்த கப்பல் சீட்டு. சீட்டில் மை மங்கிவிட்டது. பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. அது தங்கள் வீட்டுப் பெரியவருடையதா, அவர் தம்பியுடையதா என்று வீட்டாருக்கே சண்டை.

அவசரகாலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. 1948 ஜூனில் பிரகடனம். 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்களை வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று 1951-இல் உணவுக் கட்டுப்பாடு வந்தபோது, அதன் பாரம் நேராகக் கடைக்காரன் தலையில் விழுந்தது. அரிசி யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று எழுதி வைக்க வேண்டும். டின் சாமானை விற்கும்போதே ஆணியால் துளை போட்டுக் கொடுக்க வேண்டும், சேமித்து வைக்க முடியாதபடி. பழைய கடைக் கணக்குகள் ஏன் அத்தனை ஒழுங்காக இருக்கின்றன என்று நாங்கள் வியந்ததுண்டு. வியாபார ஒழுங்கு பாதி. மீதி போலீஸ் பயம்.

அந்தக் கணக்குகள்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய செல்வம். தலையில் 786 போட்டுத் தொடங்கும் பேரேடு, அன்றாடச் சிட்டை, பிறகு வந்த 555 நோட்டு. 555 நோட்டை இன்று பிள்ளைகள் பழைய பாணி என்று சிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் கிடைத்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, ஒரு தோட்டத்து லயம் முழுவதும் கண்முன் வந்தது. யார் வீட்டில் எந்த மாதம் பால் மாவு வாங்கத் தொடங்கினார்கள், யார் வீட்டில் திடீரென்று வெள்ளைத் துணி நாலு கெஜம் கடன் எழுதியிருக்கிறது, அதன்பின் யார் பெயர் நோட்டில் வரவே இல்லை. பிறப்பும் இறப்பும் கடன் கணக்கில் இருக்கிறது. 1969-ஐ ஒட்டிய பக்கங்களில் ஐந்தாறு பெயருக்கு எதிரே 'ஊருக்குப் போயாச்சு' என்று எழுதி, கடனை அடித்திருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். அந்தக் கடைக்காரர் கடனை வசூலிக்கவில்லை என்பது அந்த நோட்டைத் தவிர வேறு எங்கும் எழுதப்படவில்லை.

எங்களைத் தடுத்து நிறுத்திய காகிதமும் உண்டு. ஒரு வீட்டில் முப்பதுக்கும் மேல் கடிதங்கள், நூல் கட்டிப் பத்திரமாக இருந்தன. ஊரிலிருந்து மனைவி கணவருக்கு எழுதியவை. எழுத்து அரபு, ஓதிப் பார்த்தால் அரபு மொழி இல்லை. அரபுத்தமிழ். அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டுத் தமிழையே எழுதும் முறை. தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார்கள் மதரஸாவில் குர்ஆன் ஓதப் படித்த எழுத்தை வைத்தே வீட்டுக் கதையெல்லாம் எழுதினார்கள். நாங்கள் மூவரும் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள்; ஆனாலும் ஒரு வரியை முழுதாகப் படிக்கத் திணறினோம். எழுத்தைக் கூட்டிப் படித்து, இது 'பிள்ளை' என்ற சொல்லாக இருக்குமோ, 'பிழை' என்ற சொல்லாக இருக்குமோ என்று அரை மணி நேரம் வாதாடியிருக்கிறோம். கடிதத்தை வைத்திருந்த பெரியம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அவர் மாமியார் எழுதியது. "ஒருநாள் யாராவது படிச்சுக் காட்டுவாங்கன்னு வச்சிருக்கேன் தம்பி" என்றார். கூலாயில் இதைச் சரளமாகப் படிக்கும் ஒருவரைத்தான் எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அவருக்கும் கண்பார்வை குறைந்துவிட்டது. நாங்கள் கடிதத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறோம், அவர் ஓதுகிறார், நாங்கள் தமிழில் எழுதிக்கொள்கிறோம். இதுவரை ஒன்பது கடிதம் முடிந்திருக்கிறது.

அரசாங்கத்திடம் எல்லாம் இருக்காதா என்று பலர் கேட்டார்கள். இருக்கும், எங்கே தேடுவது என்று தெரிந்தால். கூலாய் 2008 ஜனவரி 1-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் ஜோகூர் பாரு மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனபோது வைத்த பெயர் கூலாய்ஜெயா. 2015-இல் மறுபடி கூலாய். ஆக, பழைய பத்திரத்தைத் தேடுபவர் ஜோகூர் பாரு என்ற தலைப்பிலும் பார்க்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி நம் போன்ற சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவதிகாரிக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். அதில் பொறுப்பாளர்களின் பெயர் இருக்கும், வரவு செலவு இருக்கும். சங்கம் தொடங்க யார் தன் கடை மாடியை வாடகையின்றிக் கொடுத்தார், நோன்புக் கஞ்சிக்கு யார் முதல் அண்டாவை வாங்கித் தந்தார் என்பது இருக்காது.

பெயர் கிடைத்தாலும் ஆள் கிடைப்பதில்லை. முகைதீன் என்ற ஒரே பெயர், ஒரே மனிதருக்கு, கடப்பிதழில் மொய்தீன், அடையாள அட்டையில் மைதீன், கடை லைசென்ஸில் மைடின். ஊரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நின்றது. இங்கே வந்ததும் 'பின்' போட்டுப் பின்னால் போனது. போதாக்குறைக்குப் பாட்டனார் பெயரையே பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையில் நான்கு அப்துல் காதர்கள். ஊரார் இவர்களை எந்தப் பத்திரத்திலும் இல்லாத பெயரால்தான் அழைத்தார்கள்: ரொட்டி பாய், பாலத்துக் கடை மாமா, நெட்டைக் காதர். பெரியவர்களிடம் பதிவுப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். பட்டப்பெயரைச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலப்புத் திருமணங்களாலும் வேறு காரணங்களாலும், ஒரே வீட்டில் அண்ணன் பிறப்புப் பத்திரத்தில் இந்தியர் என்றும் தம்பி பத்திரத்தில் மலாய்க்காரர் என்றும் இருப்பது நமக்குப் புதிதில்லை. அது அவரவர் குடும்ப விஷயம். ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் புள்ளிவிவரத்தைப் பார்க்கிறவர், கூலாயில் தமிழ் பேசிய முஸ்லிம் குடும்பங்கள் எத்தனை என்று கேட்டால், அந்தக் கட்டங்களை எண்ணி விடை சொல்ல முடியாது.

இப்படி முட்டி நின்ற நேரத்தில்தான் மற்ற ஊர்களில் நம்மவர் வரலாறு எப்படித் தப்பியது என்று பார்க்கத் தொடங்கினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், நம் கடைகளுக்குச் சரக்கு வந்த சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1875-இல் சிங்கை வர்த்தமானி, 1876-இல் தங்கை நேசன் என்று தமிழ் இதழ்கள் அங்கே வந்தன. அவற்றின் பெயரைத் தவிர நமக்கு எட்டியது மிகக் குறைவு. 1887 ஜூன் 27-இல் சி. கு. மகுதூம் சாயபு தொடங்கிய சிங்கை நேசன் வார இதழோ, நின்றுபோய் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. முதல் இரண்டும் மறைந்து இது ஏன் தப்பியது? தரம் காரணமாக இருக்கலாம், அதிர்ஷ்டமும் இருக்கலாம். ஆனால் இடையில் ஒரு சட்டம் வந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1886-இல் வந்த நூல் பதிவுச் சட்டத்தின்படி, அச்சாகும் நூலின் மூன்று பிரதிகளை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. அந்தக் காலத்து நம் அச்சுப் படைப்புகள் பல பிழைத்தது அப்படித்தான். நம்மவர் எழுதியதைச் சிங்கப்பூர்ச் செல்லும் கறையானும் தின்றிருக்கலாம். வேறொரு ஊரில் வேறொரு அலமாரியில் ஒரு பிரதி இருந்தது.

கட்டடத்தாலும் சொல்லாலும் காப்பாற்றியவர்கள் உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் சாலையில் 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசலை நம்மவர்கள் குச்சுப் பள்ளி என்றார்கள். குடிசை போய்க் கல் கட்டடம் எழுந்து, 1974-இல் தேசியச் சின்னமும் ஆகிவிட்டது. ஆனாலும் குச்சுப் பள்ளி என்ற பெயர் போகவில்லை. அந்த ஒரு சொல்லே முதல் குடிசையின் பத்திரம். அதே சாலையில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். குடும்பத்தோடு போகலாம்.

கடையநல்லூர்க்காரர்கள் கதை எங்களை இன்னும் கவர்ந்தது. மற்ற ஊர்க்காரர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த காலத்தில், அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூருக்கு வந்து தஞ்சோங் பகார் பக்கம் குடியிருந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார்கள். 1941-இல் தங்கள் சங்கத்தை அமைத்து, 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. மாணவர் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெயரை விடாமல் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குச் சூட்டினார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பெயர் போட்ட இடத்துக்குத் தமிழ் படிக்கப் போகிறார்கள்.

பினாங்கைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறோம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801-இல் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் அதைச் சுற்றி வாழ்ந்த சூலியாக்களையும் பற்றி விரிவான ஒரு வரலாற்று நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் கூ சல்மா நசுத்தியோன், தமிழர் அல்ல. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பினாங்குக்கு உயில்களும் வக்ஃபு வழக்குகளும் இருந்தன, ஆராய்ச்சியாளர் வந்தார். கூலாய்க்கு யார் வருவார்? நம்மிடம் வழக்காடும் அளவுக்குச் சொத்தும் இருந்ததில்லை.

எனவே எங்களால் முடிந்ததைத் தொடங்கிவிட்டோம். பேரேடு, நோட்டு, கடிதம், படம், சீட்டு எதையும் யாரிடமிருந்தும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கே வந்து பிரதி எடுத்து, அசலை அங்கேயே விட்டுவிடுகிறோம். கொடுத்த பொருள் திரும்பி வரவில்லை என்ற வருத்தம் நம் ஊரில் சில வீடுகளில் இருக்கிறது; அது நியாயமான வருத்தம். எடுத்த பிரதி மூன்று இடத்தில் இருக்கும்: சங்கத்தில் ஒன்று, எங்களில் ஒருவர் வீட்டில் ஒன்று, அந்தக் குடும்பத்துக்கு ஒன்று.

வீட்டில் இருப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள். பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை பரவி, பிறகு பிரிக்கவே முடியாது. சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம். படத்தின் பின்னால் பெயர் எழுதும்போது பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். கடை ரசீதுகளில் இப்போது வரும் வழவழப்பான தாள் இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துவிடும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். சங்கத்து நன்கொடை ரசீதையும் அந்தத் தாளில்தான் அடிக்கிறோம் என்பதை நிர்வாகம் கவனிக்க வேண்டும்.

இந்த மலரைப் பற்றியும் ஒரு ஏற்பாடு செய்தாயிற்று. 1886-இல் அங்கே வந்த சட்டத்தைப் போலவே, சரியாக நூறு வருடம் கழித்து 1986-இல் நம் நாட்டிலும் நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்தது. அச்சிடும் நூலின் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிவிழா மலருக்கு யாரும் அதைச் செய்யவில்லை. பொன்விழா மலருக்கு ஐந்து பிரதியும் தனியாகக் கட்டி, முகவரி எழுதி வைத்திருக்கிறோம்.

போன மாதம் தாமானில் குடியிருக்கும் ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போனோம். வயது எண்பத்தாறு. "யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டு, எங்கள் அத்தாமார் பெயரைச் சொல்லவைத்து, தேநீர் குடிக்கவைத்த பிறகுதான் படத்தைக் கையில் வாங்கினார். பதினோரு முகத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினோம். அவர் விடவில்லை. ஓரத்தில் நிற்கும் சைக்கிளின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க வீட்டு ராலி சைக்கிள். பின்னாடி கேரியரைப் பாருங்க தம்பி, ரொட்டிப் பெட்டி வைக்கறதுக்காகப் பலகை அடிச்சிருக்கும். எங்க அண்ணன் அடிச்சது."

பெரிதாக்கிப் பார்த்தோம். பலகை இருந்தது. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகம் பாதி நிழலில் மறைய நிற்பவர் அவருடைய அண்ணன். சங்கம் தொடங்கிய காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய் ரொட்டி விற்றவர். போகிற இடத்திலெல்லாம் மாதச் சந்தாவையும் வசூலித்து வந்தவராம். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினோம். அவர் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, 'மர்ஹூம்' என்றும் சேர்த்து எழுதச் சொன்னார்.

ஏழில் ஒன்று தீர்ந்தது. மீதி ஆறு பேரின் முகத்துக்கும் எண் போட்டு, படத்தை இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் காட்டுங்கள்; முகத்தை மட்டுமல்ல, சட்டையை, செருப்பை, கடைப் பலகையையும் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் இஷாவுக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் இருப்போம்.